கடந்த நான்கு கிழமைகளில்

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில
மெடிக்கல் படிக்கிற பிள்ளை ஒண்டு
கடுதாசிக் கட்டோட வந்து பக்கத்தில இருந்தது.
காலியோ மாத்தறையோ, நான் ஊர் கேக்கேல்ல.
எழுத்துக் கூட்டிப் பழகின தமிழ்.
ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைச்சு வைச்சது.
"ஐயா, உங்கள் வாழ்க்கைத் தரம் பற்றிச் சில கேள்விகள்."
தரம் பத்தோட நிப்பாட்டினனான், பிள்ளை.
சிரிக்கேல்ல. விளங்கேல்லப் போல.

ஒண்டு எண்டால் ஒருபோதும் இல்லை,
அஞ்சு எண்டால் எப்போதும்.
இடையில மூண்டு வட்டம்.

"கடந்த நான்கு கிழமைகளில்
மாடிப்படி ஏறுவதில் சிரமம் இருந்ததா?"
எங்கட வீட்டில மாடி இல்லை.
மினிபஸ்ஸின்ர புட்போட் இருக்கு.
பதினெட்டு வருசம் அதில நிண்டனான்,
ஒரு கால் உள்ளுக்கு, ஒரு கால் காத்தில.
இப்ப ரெண்டு காலையும் வைச்சு, கம்பியைப் பிடிச்சு,
ஒருக்கா நிண்டு, பேந்துதான் உள்ளுக்கு.
றைவர் யூட்
பாக்காத மாதிரிக் கண்ணாடியில பாப்பான்.
நாலு எண்டு போடு, பிள்ளை.

"நினைவில் வைத்திருப்பதில்?"
நல்லூர், இருபாலை, கோப்பாய், நீர்வேலி,
சிறுப்பிட்டி, புத்தூர்,
நித்திரையிலயும் சொல்லுறன் எண்டு நளாயினி பேசுவாள்.
கொரோனா வாட்டால வந்த மூண்டாம் மாசம்
புத்தூர்ச் சந்தி தாண்ட வாயைத் திறந்தன்.
அடுத்த பேர் வரேல்ல.
கிணத்துக்க வாளி விழுந்த சத்தம் கேட்டது,
கயிறு கையில இல்லை.
ரியூசன் பிள்ளையள் அஞ்சாறு பேர்
என்ர வாயையே பாத்துக்கொண்டு நிண்டினம்.
அண்டைக்கு, ஐநூறு தந்த மனிசனுக்கு
மிச்சக்காசை ரெண்டு தரம் குடுத்திட்டன்.
அவர் ஒண்டைத் திருப்பித் தந்தார்.
அதுதான் கூட நொந்தது.

மணத்துக்கு அந்தக் கடுதாசியில கேள்வி இல்லை.
நானாத்தான் சொன்னன்:
டீசல் இல்லை, மீன்பெட்டி இல்லை,
நீர்வேலி வாழைக்குலை ஏத்தினால்
முந்தி பஸ்ஸே பழுத்த மாதிரி இருக்கும், இப்ப அதுவும் இல்லை.
போன மாசம் அடுப்பில சோறு கரிய
பக்கத்து வீட்டுப் பொடியன் மதிலால எட்டிக் கத்தித்தான் தெரியும்.
பிள்ளை ஓரத்தில சின்னனா என்னவோ எழுதினது,
தன்ர பாசையில.

அடுத்ததை வாசிக்க முதல் குனிஞ்சது.
"வாழ்க்கைத் துணையுடனான நெருக்கம்...
விருப்பமில்லாவிட்டால் விடலாம், ஐயா."
விடு பிள்ளை எண்டன்.

இரவில நளாயினி என்ர நெஞ்சில கை வைப்பாள்.
ஆசைக்கில்லை. எழும்புதோ, பதியுதோ எண்டு பாக்க.
பன்ரண்டு நாள் ஒக்சிசனில கிடந்த நெஞ்சு,
ஒரு கையும் கனக்கும்.
நித்திரை மாதிரிக் கிடப்பன்.
ஒழுங்கா மூச்சு விட்டுக் காட்டுவன்.
கையை அவள் எடுத்த பிறகுதான்
தலையணைக்குள்ள இருமுவன்.
இதுக்கு எந்த வட்டம்?

மூண்டு மாசத்தில திரும்ப வரட்டாம்.
பேர் தவயோகன் எண்டு சொன்னன்,
பேர் தேவையில்லையாம், நான் நூற்றிப் பதினேழு.

பஸ் நிலையத்தில வேற ஆக்களின்ர மினிபஸ் நிண்டது.
நடுச்சீற்றில இருந்தன். பயணியா இருந்து பழக்கமில்லை,
கையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல.
கொண்டக்டர்ப் பொடியன் காசு வாங்கேல்ல.
"இருங்கோ அண்ணை" எண்டிட்டு
போனைக் காதில வைச்சவன், எடுக்கேல்ல.
புத்தூர் போச்சுது.
கைக்குழந்தையோட ஒருத்தி அரைவாசி எழும்பி
இருட்டுக்க இடம் தேடுறாள்.

உள்ளங்கையால தகரத்தில தட்டினன்.
"ஆவரங்கால்!"

பஸ் நிண்டது. பொடியன் திரும்பிப் பாத்தான்.
அவள் இறங்கிப் போனாள்,
ஆர் கூப்பிட்டதெண்டு பாக்கேல்ல.

அந்த ஒரு சொல்லுக்கு
அச்சுவேலி தாண்டியும் இளைச்சது.
வல்லைவெளியில யன்னலைத் தள்ளி விட்டன்.
காத்து முகத்தில அடிச்சது.
உப்பு மணந்திருக்கும்.